மரக்கட்டையைத் தாலாட்டும் தாய்: செக் தேவதைக் கதைப் படங்களில் மனிதரும் பொம்மையும்

குழந்தை இல்லாத ஒரு தம்பதி. அந்த ஏக்கத்திலேயே மனைவி ஓய்ந்துபோயிருக்கிறாள். ஊருக்கு வெளியே வாங்கிய சின்ன வீட்டின் தோட்டத்தைக் கொத்தும்போது கணவனுக்கு ஒரு மரவேர் கிடைக்கிறது. கை, கால், தலை எல்லாம் வைத்துப் பார்த்தால் குழந்தை மாதிரியே இருக்கிறது. கொஞ்சம் செதுக்கிச் சீராக்கி, அவளுக்கு ஒரு சின்ன ஆறுதலாக இருக்கட்டும் என்று கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவள் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுகிறாள், பவுடர் போடுகிறாள், துணி சுற்றுகிறாள். அக்கம்பக்கத்தார் நம்ப வேண்டுமே என்று மாதத்துக்கு ஒன்றாகப் பெரிதாகும் தலையணைகளை வயிற்றில் கட்டிக்கொண்டு கர்ப்பிணியாக நடமாடுகிறாள். அப்புறம் ஒருநாள் அந்தக் கட்டைக்கு உயிர் வருகிறது. உயிரோடு பசியும் வருகிறது. முதலில் வீட்டுப் பூனை போகிறது. அடுத்து தபால்காரர்.

யான் ஷ்வாங்க்மாயர் என்ற செக் இயக்குநர் 2000-இல் எடுத்த 'ஒதெசானெக்' படத்தின் கதை இது. 19-ஆம் நூற்றாண்டில் காரெல் யரொமீர் எர்பென் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் ஒன்றை எடுத்து, இன்றைய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார். தாயாக நடிக்கும் வெரொனிகா ஷில்கோவா ரத்தமும் சதையுமான நடிகை. பிள்ளையாக நடிப்பது வேர்க்கட்டை. இரண்டும் ஒரே அறையில், ஒரே கட்டிலில், ஒரே கதையில் இருக்கின்றன.

மனித நடிகர்களும் பொம்மைகளும் கலந்து நடிக்கும் இப்படிப்பட்ட படங்களைச் செக் நாட்டவர் 1940-களிலிருந்து எடுத்துவருகிறார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழும். இதை எப்படி எடுக்கிறார்கள் என்பது ஒன்று. கணினியில் எல்லாம் செய்யலாம் என்று ஆன பிறகும் மரத்தையும் துணியையும் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவதற்கும் பாதி பதில் கிடைத்துவிடும். அதனால் செய்முறையிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டு விதமான நேரம்

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. அதாவது, வினாடிக்கு 24 நிலைப்படங்கள். நடிகர் நடந்தால் கேமரா தானாகவே அந்த 24 படங்களையும் எடுத்துக்கொள்ளும். பொம்மை தானாக நடக்காது. அதை ஒரு நிலையில் வைத்து ஒரு படம் எடுத்து, காலைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த படம் எடுத்து, மறுபடி நகர்த்தி மறுபடி எடுக்க வேண்டும். இதுதான் ஸ்டாப் மோஷன். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு சட்டகம் என்று சிக்கனமாக எடுத்தாலும் ஒரு வினாடிக்குப் பொம்மையை 12 முறை நகர்த்த வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 720 முறை. தேர்ந்த கலைஞர் ஒருவர் நாள் முழுக்க உழைத்தால் சில வினாடிகள் தேறும்.

இங்கேதான் சிக்கல். நடிகர் வாழும் நேரம் வேறு, பொம்மை வாழும் நேரம் வேறு. பொம்மை கையைத் தூக்கி நடிகையின் கன்னத்தைத் தொட வேண்டும் என்றால், அந்த இரண்டு வினாடிக் காட்சி முடிய மணிக்கணக்காகும். அதுவரை நடிகை கண்ணைக்கூட அசைக்காமல் இருக்க முடியாது. மூச்சு விட்டாலே தோள் ஏறி இறங்கும். படத்தை ஓட்டிப் பார்த்தால் பொம்மை அழகாகக் கையைத் தூக்கும், மனுஷி மட்டும் நடுநடுங்கிக்கொண்டிருப்பாள்.

இந்த ஒரு சிக்கலுக்கு ஒவ்வொரு இயக்குநரும் ஒவ்வொரு விடை கண்டுபிடித்தார்கள். அந்த விடையே அவரவர் படத்தின் குணமாகவும் ஆகிவிட்டது.

கனவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

மிக எளிய வழி, இரண்டு உலகங்களையும் பிரித்து வைப்பது. யிர்ஜி த்ரின்கா 1949-இல் எடுத்த 'சக்கரவர்த்தியின் குயில்' படத்தில் அதைப் பார்க்கலாம். கதை, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனுடையது. பட்டும் பொன்னும் சூழ்ந்த அரண்மனையில் வாழும் சீனச் சக்கரவர்த்தி, காட்டில் பாடும் உண்மையான குயிலை விட்டுவிட்டு, சாவி கொடுத்தால் பாடும் இயந்திரக் குயிலில் மயங்கிப்போகிறார். இந்தப் பகுதி முழுக்கப் பொம்மைகள்.

த்ரின்கா இதற்கு முன்னும் பின்னும் ஒரு சின்னக் கதையை வைத்தார். அதில் வருபவர்கள் உண்மையான மனிதர்கள். வசதியான வீட்டில் தனியாக வளரும் ஒரு பையன். விளையாட்டுச் சாமான்கள் ஏராளம், விளையாட ஆள் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி நிற்கிறாள், ஆனால் இவனுக்கு வெளியே போக அனுமதி கிடையாது. காய்ச்சலில் படுத்தவனின் கனவில் அவனுடைய விளையாட்டுச் சாமான்களே சீன அரண்மனையாக மாறுகின்றன. மனிதர் வரும் இந்தப் பகுதியை மிலோஷ் மகோவெட்ஸ் இயக்கினார்.

நடிகரும் பொம்மையும் ஒரே சட்டகத்துக்குள் வரவேண்டிய கட்டாயம் இதில் கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் இதை வெறும் தப்பிக்கும் வழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சக்கரவர்த்தியும் அந்தப் பையன் மாதிரிதான், எல்லாம் இருந்தும் சிறைப்பட்டவர். அதை வசனம் எதுவும் சொல்வதில்லை. பையனின் அறையில் பார்த்த பொருள்களை அரண்மனையில் மறுபடி பார்க்கும்போது நாமே புரிந்துகொள்கிறோம்.

த்ரின்காவின் பொம்மைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவற்றின் முகம் அசையாது. வாய் திறக்காது, புருவம் ஏறாது. தீட்டிய முகம் தீட்டியபடியே இருக்கும். ஆனால் படம் பார்க்கும்போது சக்கரவர்த்தி வருந்துவதையும் வியப்பதையும் சத்தியமாகப் பார்த்தோம் என்று தோன்றும். த்ரின்கா பொம்மையின் தலையைக் கொஞ்சம் தாழ்த்துவார், விளக்கை வேறு பக்கம் மாற்றுவார், கேமராவை இன்னும் கீழிருந்து வைப்பார், அவ்வளவுதான். மீதியைப் பார்ப்பவரின் மனம் செய்துகொள்ளும். பின்னால் வந்த செக் பொம்மைப் பட இயக்குநர்கள் ஏதோ ஒரு விதத்தில் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தான்.

ஆளுக்குப் பதில் பொம்மை

ஷ்வாங்க்மாயர் 1988-இல் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையைப் படமாக எடுத்தபோது வேறு வழியில் போனார். ஆலிஸாக நடித்தவர் கிறிஸ்தினா கொஹூத்தோவா என்ற சிறுமி. படத்தில் மனித நடிப்பு என்று சொல்ல அநேகமாக அவர் ஒருவர்தான். மற்ற பாத்திரங்கள் எல்லாம் வீட்டுப் பரணில் கிடக்கும் பொருள்களைக் கூட்டிச் செய்தவை போல இருக்கும். எலும்பு, கண்ணாடிக் கண், பழைய துணி, சீட்டுக்கட்டு. வெள்ளை முயல், கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் பண்ணி வைத்திருந்த ஒரு செத்த முயல். அது தன் பாதத்தில் அடித்திருக்கும் ஆணிகளைத் தானே பிடுங்கிக்கொண்டு எழுகிறது. நெஞ்சிலிருந்து மரத்தூள் கொட்டுகிறது. கொட்டியதை அள்ளித் தின்று மறுபடி நிரப்பிக்கொள்கிறது. கம்பளிப்புழு ஒரு காலுறை. அதற்குப் பல்செட்டு, கண்ணாடிக் கண்கள். தூங்க வேண்டும் என்றால் ஊசி நூலை எடுத்துக் கண்ணை மூடித் தைத்துக்கொள்கிறது.

ஆலிஸ் சிறுத்துப்போகும் இடங்கள் மூலக் கதையில் நிறைய உண்டு. ஹாலிவுட் பாணியில் எடுத்தால் நடிகையை அப்படியே சின்னதாக்கிக் காட்டுவார்கள். ஷ்வாங்க்மாயர் அந்த இடத்தில் சிறுமியை எடுத்துவிட்டு, அதே உடை போட்ட ஒரு பீங்கான் பொம்மையை வைக்கிறார். ஆலிஸ் மசியைக் குடிக்கிறாள், அடுத்த கணம் நிற்பது பொம்மை. எந்த ஒளிவுமறைவும் இல்லை. பார்ப்பவர் ஒரு நொடி திகைத்துவிட்டு, 'சரி, இதுவும் அவள்தான்' என்று ஏற்றுக்கொள்கிறார். பிறகு ஒரு கட்டத்தில் ஆலிஸ் ஆள் உயரப் பொம்மை ஒன்றின் உள்ளே சிக்கிக்கொள்கிறாள். அந்தப் பொம்மைக் கூட்டைப் பிய்த்துக்கொண்டு நிஜச் சிறுமி வெளியே வரும் காட்சி, எவ்வளவு பெரிய செலவில் செய்த உருமாற்றத்தையும்விட உடம்பில் உறைக்கிறது. அங்கே கிழிவது உண்மையான பொருள், வெளியே வருவது உண்மையான பிள்ளை.

எடுக்கும் வசதிக்கும் இது பெரிய உதவி. சிறுமி பொம்மையாகிவிட்ட பிறகு அந்தக் காட்சியில் இருக்கும் எல்லாருமே பொம்மைகள். நேரச் சிக்கல் தீர்ந்தது, மொத்தத்தையும் ஸ்டாப் மோஷனில் எடுத்துவிடலாம். சிறுமி தன் நிஜ அளவில் இருக்கும் காட்சிகளில் வெட்டுதான் வேலை செய்கிறது. முதலில் அவள் எதையோ பார்க்கிறாள், அடுத்த ஷாட்டில் முயல் இழுப்பறையைத் திறக்கிறது, அதற்கடுத்து மறுபடி அவள் முகம். இருவரும் ஒரே சட்டகத்தில் இருப்பது நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒரே அறையில் இருப்பதாக நம் மனமே ஒட்டிக்கொள்கிறது.

குரல் பிரச்சினையையும் அவர் அழகாகத் தீர்த்தார். எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் ஆலிஸே பேசுகிறாள். ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் அவளுடைய உதடுகள் மட்டும் திரை நிறைய வந்து, 'என்றது வெள்ளை முயல்' என்று சொல்லிவிட்டுப் போகும். பொம்மை வாயை வசனத்துக்கு ஏற்ப அசைக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். அதோடு, இந்தக் கதை முழுக்க ஒரு குழந்தை தன் சாமான்களை வைத்துக்கொண்டு தானே சொல்லும் கதை என்பதும் நம் மனதில் பதிந்துவிடுகிறது.

கையில் ஏந்தும் பொம்மை

'ஒதெசானெக்' கதைக்கு இந்த வழி உதவாது. தாய் பிள்ளையைத் தூக்கியே ஆக வேண்டும், பால் கொடுத்தே ஆக வேண்டும். இப்படிப்பட்ட காட்சிகளில் பொதுவாக இரண்டு முறைகளைக் கலந்து எடுப்பார்கள். நடிகை கையில் வைத்திருக்கும்போது பொம்மைக்கு உயிர் கொடுப்பது அவருடைய கைகள்தான். கட்டை முண்டினால் பிடியை இறுக்குவார், பாரம் கூடினால் முதுகு வளையும். உண்மையில் முண்டுவதும் பாரமாவதும் நடிகைதான், கட்டை சும்மா கிடக்கிறது. அடுத்து வரும் அண்மைக் காட்சியில் கட்டையின் வாய் மட்டும் ஸ்டாப் மோஷனில் திறந்து மூடும். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால், முன்பு அசையாமல் கிடந்த கட்டையையும் அசைந்ததாகவே நினைவு வைத்துக்கொள்கிறோம்.

அதனால்தான் இந்த வகைப் படங்களில் நடிகரின் வேலை வெளியே தெரிவதைவிடப் பன்மடங்கு கடினம். எதிரே இருப்பவர் பதில் சொல்லமாட்டார், கண்ணைப் பார்க்கமாட்டார், சில நேரம் அங்கே இருக்கவே மாட்டார். பார்வை சரியாக எங்கே விழ வேண்டும் என்று ஒரு புள்ளியைக் குறித்துக் கொடுப்பார்கள். அந்தப் புள்ளி சற்று மேலே போய்விட்டாலும் நடிகர் பொம்மையைப் பார்க்காமல் அதன் தலைக்கு மேலே எங்கோ பார்ப்பது போல ஆகிவிடும். அதோடு அந்தக் காட்சி செத்தது. வெரொனிகா ஷில்கோவா அந்த வேரைப் பார்க்கும் பார்வையில் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. அந்தப் படம் நிற்பதே அந்தப் பார்வையில்தான் என்பது என் எண்ணம்.

நூலில் ஆடும் கரடி

2010-இல் யான் ஸ்வேராக் எடுத்த 'குக்கி திரும்பி வருகிறான்' படம் ஸ்டாப் மோஷனையே ஒதுக்கி வைத்தது. ஆஸ்துமா உள்ள ஒரு சிறுவன். அவனுடைய பழைய கரடிப் பொம்மை தூசியைக் கிளப்புகிறது என்று அம்மா அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார். சிறுவன் படுக்கையில் கிடந்தபடி, குக்கி குப்பைமேட்டிலிருந்து தப்பித்துக் காட்டுக்குள் போவதாகக் கற்பனை செய்கிறான். காட்டில் ஹெர்கோட் என்ற வயதான காவலரைக் குக்கி சந்திக்கிறது. சிறுவனாக நடித்ததும் கரடிக்குக் குரல் கொடுத்ததும் இயக்குநரின் மகன். ஹெர்கோட்டுக்குக் குரல் இயக்குநரின் தந்தையும் புகழ்பெற்ற திரைக்கதை ஆசிரியருமான ஸ்தெனெக் ஸ்வேராக். காட்டுவாசிகளின் தோற்றத்தை வடிவமைத்தவர் யாக்குப் த்வோர்ஸ்கி. இவர் கணினி விளையாட்டுகள் உருவாக்கும் அமானிட்டா டிசைன் நிறுவனத்தின் நிறுவனர்.

பொம்மைகளை உண்மையான காட்டுக்குள் எடுத்துப்போய், நூலிலும் கம்பியிலும் ஆட்டி, சாதாரண வேகத்திலேயே படம் பிடித்தார்கள். ஆட்டுபவரின் கம்பிகளும் நூல்களும் பிற்பாடு கணினியில் அழிக்கப்பட்டன. இந்த வழியில் கிடைக்கும் லாபம் என்னவென்றால், காட்டின் நேரமும் பொம்மையின் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. இலை காற்றில் அசையும்போதே பொம்மை நடக்கிறது. வெயில் மரக்கிளை வழியாக வந்து அதன் முகத்தில் விழுந்து நகர்கிறது. ஸ்டாப் மோஷனில் ஒரு காட்டை எடுத்தால் சட்டகத்துக்குச் சட்டகம் வெளிச்சம் மாறி எல்லாம் மினுமினுத்துவிடும். நஷ்டமும் உண்டு. நூலில் ஆடும் பொம்மைக்கு நுணுக்கமான அசைவு வராது, கால் தரையில் சரியாகப் பதியாது, கொஞ்சம் தள்ளாடும். ஸ்வேராக் அந்தத் தள்ளாட்டத்தை மறைக்கவில்லை. ஒரு குழந்தை கையில் பிடித்து நடத்தும் பொம்மை அப்படித்தான் நடக்கும்.

மனிதரைப் பொம்மையாக்குவது

தலைகீழான வழியும் ஒன்று உண்டு. 1970-இல் வந்த 'தோன் ஷாய்ன்' குறும்படத்தில் ஷ்வாங்க்மாயர் மனித நடிகர்களுக்கே மரப்பாவை முகமும் உடையும் மாட்டி, தலையில் கம்பியும் வைத்து, பாவைகளைப் போல நடக்கவிட்டார். 1994-இல் எடுத்த 'ஃபவுஸ்ட்' படத்தில் இது இன்னும் விரிந்தது. பெட்ர் செபெக் நடிக்கும் சாதாரண மனிதர் ஒருவர், பழைய நாடக அரங்கின் ஒப்பனை அறையில் கிடக்கும் உடையை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அங்கே கிடக்கும் நாடகப் பிரதியை வாசிக்கத் தொடங்குகிறார். கொஞ்ச நேரத்தில் அவர் தலையில் மரத்தலை ஏறிவிடுகிறது, மேலேயிருந்து கைகள் நூலை இழுக்கின்றன. ஊர் ஊராகப் போன செக் பாவைக்கூத்துக்காரர்கள் காலங்காலமாக ஆடிய கதைகளில், சாத்தானிடம் ஆன்மாவை விற்ற ஃபவுஸ்டின் கதையும் ஒன்று. அதனால் இந்தப் படம் அந்த மேடையை அப்படியே பிராக் நகரத் தெருக்களுக்குக் கொண்டுவந்தது போல இருக்கும். நேரச் சிக்கல் இங்கே எழவே இல்லை, ஏனென்றால் பொம்மைக்குள் இருப்பது மனிதர். ஆனால் யார் யாரை ஆட்டுகிறார்கள் என்ற கேள்வி படம் முழுக்கத் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

ஒட்டு தெரியாமலிருக்க, அல்லது தெரிய

இரண்டும் ஒரே சட்டகத்தில் வந்தே தீர வேண்டும் என்றால், தனித்தனியாக எடுத்து ஒன்றாக்க வேண்டும். திரையின் ஒரு பாதியை மறைத்துவிட்டு நடிகரை எடுப்பது, பிறகு அதே பிலிமைத் திருப்பிச் சுற்றி மறுபாதியில் பொம்மையை எடுப்பது பழைய வழி. நடிகருக்குப் பின்னால் திரை கட்டி, முன்பே எடுத்த பொம்மைப் படத்தை அதில் ஓட்டுவது இன்னொரு வழி. இந்தக் கலையில் காரெல் ஸெமனுக்கு இணை சொல்ல ஆள் குறைவு. அவர் 1955-இல் எடுத்த 'பூர்வகாலத்துக்கு ஒரு பயணம்' படத்தில் நான்கு பையன்கள் ஆற்றில் படகோட்டிக்கொண்டே டைனோசர் காலத்துக்குப் போகிறார்கள். தேவதைக் கதை இல்லை என்றாலும், சிறுவர்களையும் மாதிரி உருவங்களையும் ஒன்றாக்கும் வித்தையைக் கற்க இதைவிட நல்ல படம் கிடைக்காது. பிராக்கில் சார்லஸ் பாலத்துக்குப் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது.

ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டிக்கொடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். சிறிய பொருளை நெருங்கிப் படம் பிடித்தால் முன்னும் பின்னும் மங்கிவிடும். மங்கியதுமே அது சிறிய பொருள் என்று கண் கண்டுபிடித்துவிடும். அதைத் தவிர்க்க லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி, அதற்கேற்ப நிறைய வெளிச்சம் போட வேண்டும். நடிகரின் வேகமான கையசைவு படத்தில் லேசாகக் கலங்கித் தெரியும். ஸ்டாப் மோஷன் பொம்மை ஒவ்வொரு சட்டகத்திலும் அசையாமல் நிற்பதால் அதில் கலக்கமே இருக்காது, எல்லாம் கூர்மையாக, சற்றே வெட்டி வெட்டி நகரும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

இங்கேதான் செக் இயக்குநர்கள் மற்றவர்களிடமிருந்து பிரிகிறார்கள் என்று நினைக்கிறேன். ஹாலிவுட் இந்த வேறுபாட்டை ஒரு குறையாகப் பார்த்து, பல பத்தாண்டுகள் அதை அழிக்கப் பாடுபட்டது. ஷ்வாங்க்மாயருக்கு அது குறையே இல்லை. வேர் வேராகவே இருக்க வேண்டும், அதன் அசைவு மனித அசைவாக ஆகிவிடக் கூடாது. கட்டை நிஜக் குழந்தை மாதிரி மெத்தென்று அசைந்தால் கதை போச்சு. தாய்க்கு மட்டும் குழந்தையாகத் தெரியும் ஒன்று, நமக்குக் கட்டையாகவே தெரிய வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவள் மேல் இரக்கமும் வருகிறது, பயமும் வருகிறது. தேவதைக் கதை என்பதே நடக்கக்கூடிய உலகமும் நடக்க முடியாத உலகமும் தொட்டுக்கொள்ளும் இடத்தைப் பற்றியது. மனிதரும் பொம்மையும் சந்திக்கும் ஒட்டு திரையில் தெரியும்போது அந்த இடம் கண்ணுக்கே தெரிகிறது.

ஏன் செக் நாட்டில்

1620-இல் வெள்ளை மலைப் போரில் தோற்ற பிறகு, செக் நிலம் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்து ஆட்சியின் பிடியில் இறுகியது. காலப்போக்கில் படித்தவர்களின் மொழியாகவும் நகர நாடக அரங்குகளின் மொழியாகவும் ஜெர்மன் ஆனது. செக் மொழி பெரும்பாலும் கிராமத்தில் தங்கியது. வண்டியில் மரப்பாவைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன கூத்துக்காரர்கள் அந்த மொழியில்தான் ஆடினார்கள். அவர்களில் மத்யேய் கொபெட்ஸ்கி (1775–1847) இன்றும் எல்லாருக்கும் தெரிந்த பெயர். அதனால் பாவைக்கூத்து அங்கே குழந்தைகளின் பொழுதுபோக்கு என்ற அளவில் நிற்கவில்லை, மொழியைக் காப்பாற்றிய கலை என்ற மரியாதை அதற்கு உண்டு. பிறகு வீடுகளிலேயே சின்னப் பாவை அரங்கு வைத்து ஆடும் வழக்கம் பரவியது. ஷ்வாங்க்மாயருக்குச் சிறு வயதில் கிறிஸ்துமஸ் பரிசாகக் கிடைத்ததும் அப்படி ஒரு அரங்குதான்.

பில்சென் நகரில் யோசெஃப் ஸ்குபா 1920-இல் ஸ்பெய்பல் என்ற அப்பா பொம்மையையும் 1926-இல் ஹுர்வீனெக் என்ற மகன் பொம்மையையும் மேடையேற்றினார். இருவரும் நாடு முழுக்கப் பிரபலமானார்கள். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பொம்மைகளின் வாய்வழியாக மறைபொருளில் பேசிய ஸ்குபாவை 1944-இல் கைது செய்தார்கள். இந்த ஸ்குபாதான் பள்ளியில் த்ரின்காவுக்கு ஓவிய ஆசிரியர், பாவைக் கலையில் குரு. பாவை மேடையிலிருந்து சினிமாவுக்குப் போன பாதை இப்படி ஒரு ஆசிரியர், ஒரு மாணவர் வழியாகவே போயிருக்கிறது.

இன்னொரு பாதை ஸ்லின் நகரிலிருந்து வந்தது. பாட்டா செருப்பு நிறுவனம் விளம்பரப் படம் எடுப்பதற்காக 1930-களில் அங்கே ஒரு ஸ்டூடியோ கட்டியிருந்தது. ஹெர்மினா டிர்லோவாவும் ஸெமனும் அங்கே வேலை செய்தவர்கள். டிர்லோவாவின் 'பொம்மைகளின் கலகம்' போர் முடிந்த கையோடு எடுத்த படம். பொம்மை செய்பவரின் பட்டறைக்குள் கெஸ்டாபோ என்ற நாஜி ரகசியப் போலீஸ் ஆள் ஒருவன் நுழைந்து எல்லாவற்றையும் உடைக்கிறான். பொம்மைகள் ஒன்றுகூடி அவனை விரட்டியடிக்கின்றன. அந்த ஆளாக நடித்தவர் மனிதர், மற்றவை பொம்மைகள். மனிதன் ஒருவன், சின்னஞ்சிறு பொம்மைகள் பல என்ற அளவு வித்தியாசமே அங்கே அரசியல். அதே காலத்தில் ஸெமனின் 'கிறிஸ்துமஸ் கனவு' வந்தது. புதுப் பரிசுகள் வந்ததும் ஒரு சிறுமி தூக்கியெறிந்த பழைய துணிப் பொம்மை அவள் கனவில் எழுந்து ஆடுகிறது. 1946-இல் கான் திரைப்பட விழாவில் அந்தப் படம் பரிசு வாங்கியது.

1945-இல் திரைப்படத் துறை அரசுடைமையானதும் இந்த ஸ்டூடியோக்களுக்கு நிலையான வருமானம் வந்தது. நாளுக்குச் சில வினாடி என்ற வேகத்தில் வேலை செய்பவர்களுக்கு அது பெரிய விஷயம். தணிக்கை இருந்தது, ஷ்வாங்க்மாயர் 1970-களில் சில ஆண்டுகள் படமே எடுக்க முடியாமல் இருந்ததும் உண்மை. ஆனால் கைத்தொழில் அறுபடவில்லை. பிராக் நாடகக் கல்லூரியில் பாவைக் கலைக்கென்று தனித் துறையே இருந்தது, அவர் படித்ததும் அங்கேதான். 2016-இல் செக், ஸ்லோவாக் பாவைக் கலையை யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேவதைக் கதைப் படங்களுக்கு வீட்டிலும் ஒரு நிலையான இடம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் நாட்களில் குடும்பமாக உட்கார்ந்து தொலைக்காட்சியில் அவற்றைப் பார்ப்பது அங்கே பண்டிகையின் ஒரு பகுதி.

எதிலிருந்து பார்ப்பது

குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் 'குக்கி'யிலிருந்து தொடங்குங்கள். கதை எளிது, காடு அழகு. அடுத்து 'சக்கரவர்த்தியின் குயில்'. அதில் வசனம் மிகக் குறைவு என்பதால் மொழி தடையாக இருக்காது. ஆனால் மெதுவாக நகரும் படம், அந்தப் பொறுமையோடு உட்கார வேண்டும். 'ஆலிஸ்' பெரியவர்களுக்கு அல்லது கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. எலும்பும் கத்தரிக்கோலும் சின்னக் குழந்தைகளைப் பயமுறுத்தும். 'ஒதெசானெக்' கண்டிப்பாகப் பெரியவர்களுக்கு மட்டும்தான்.

இரண்டாவது முறை பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். நடிகரும் பொம்மையும் உண்மையிலேயே ஒரே சட்டகத்தில் எத்தனை முறை வருகிறார்கள், வரும்போது அசைவது யார்? 'ஒதெசானெக்' படத்தில் பக்கத்து வீட்டுச் சிறுமி அல்ஷ்பியெத்கா வரும் காட்சிகளில் இதைப் பார்ப்பது நல்ல பயிற்சி. எர்பெனின் கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று முன்னாலேயே தெரிந்து வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். அவள் படிக்கும் கதை திரையில் ஓவிய அசைவுப் படமாக விரியும். அதை வரைந்தவர் இயக்குநரின் மனைவி எவா ஷ்வாங்க்மாயரோவா. அப்போது ஒரே படத்துக்குள் மனிதர், மரம், ஓவியம் என்று மூன்று விதமான உயிர்கள் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஓவியத்தில் ஒரு பாட்டி மண்வெட்டியால் பூதத்தின் வயிற்றைப் பிளந்து எல்லாரையும் மீட்கிறாள். மனிதரும் மரமும் இருக்கும் கதையிலோ, முட்டைகோஸ் வளர்க்கும் ஒரு கிழவி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைப் படியில் இறங்குவதோடு ஷ்வாங்க்மாயர் படத்தை நிறுத்திவிடுகிறார்.